தடைக்காலத்தில் விசைப்படகு எஞ்சினின் கூலிங் வேலைகள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகைக்கும் பெயின்ட்டுக்கும் செலவு செய்கிறவர்கள்கூட கூலிங் பக்கம் கைவைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதியை நாமே முடித்துவிடலாம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் (சூடு மாற்றும் குழாய்ப் பெட்டி) வைத்த எஞ்சினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவது கூலன்ட். அதன் சூட்டை வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்புவது உப்புத்தண்ணீர். சூடேறும் கோளாறு பெரும்பாலும் உப்புத்தண்ணீர் பக்கம்தான் தொடங்கும். ஆகவே தண்ணீர் உள்ளே நுழையும் இடத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

அடி வால்வு, ஸ்ட்ரெய்னர்

படகு மேலே இருக்கும்போதே அடித்தட்டிலுள்ள சல்லடையைக் கழற்றி, துளைக்குள் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுங்கள். பெயின்ட் அடிக்கிறவர் சல்லடைக் கண்களை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடல்தண்ணீர் உள்ளே வரும் துளையை மூடித் திறக்கும் அடி வால்வைப் பலமுறை திறந்து மூடுங்கள். இறுகிப்போன வால்வு, ஹோஸ் வெடிக்கிற அன்று கைகொடுக்காது.

தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் கூடையை ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும் முன்பும் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தாளும் சொறியும் (ஜெல்லி மீன்) சிக்குவது இங்கேதான். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால், பம்ப் இழுக்கும்போது தண்ணீர் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே எதுவும் தெரியாது, பம்ப் மட்டும் தண்ணீர் எடுக்காது. இந்தப் பக்கத்து ஹோஸ் உள்ளே கம்பி வைத்ததாக இருக்க வேண்டும், சாதா ஹோஸ் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளிப் போடுங்கள்.

இம்பெல்லர்

கடல்தண்ணீர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரம்தான் இம்பெல்லர். அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இது. அடி வால்வை மூடிவிட்டு, கடல்தண்ணீர் பம்பின் முன்மூடி திருகுகளைக் கழற்றுங்கள். இம்பெல்லரைப் புல்லர் போட்டு இழுப்பது நல்லது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பித்தளை விளிம்பில் கீறல் விழும், பிறகு அந்த வழியாகவே காற்று புகும்.

ஒவ்வொரு இறக்கையையும் விரலால் மடக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். ஒரு இறக்கை பிய்ந்திருந்தால் அந்தத் துண்டு பம்புக்கு அடுத்த ஹோஸிலோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலோ மாட்டியிருக்கும். துண்டைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை, சூடு குறையாது.

மூடியின் உள்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் மூடியைத் தேய்த்துச் சமன்செய்யுங்கள், ஆழமாக இருந்தால் மாற்றுங்கள். புது இம்பெல்லருக்குக் கிளிசரினோ பாத்திரம் கழுவும் லிக்விட் சோப்போ தடவுங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை உப்பவைக்கும். பம்ப் சுற்றும் திசையிலேயே திருகியபடி உள்ளே தள்ளி, புது கேஸ்கெட் போட்டு மூடுங்கள்.

படகு இரண்டு மாதம் நிற்கப் போகிறது என்றால் இம்பெல்லரைக் கழற்றி வைப்பதே சரி, இல்லாவிட்டால் இறக்கைகள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். கழற்றியதை ஸ்டார்ட்டர் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். அப்போதுதான் இம்பெல்லர் இல்லாததை மறந்து ஸ்டார்ட் செய்துவிட மாட்டோம்.

பம்ப் உடலின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் உப்புத்தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போயிற்று, ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போயிற்று. சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கியரால் ஓடும் பம்பில் அந்த உப்புத்தண்ணீர் நேராக எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்

தான் கரைந்து மற்ற உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் ஜிங்க் பென்சிலைக் கழற்றுங்கள், பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது. உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் ஜிங்க் வேலை செய்யும். இருபக்க மூடிகளையும் கழற்றி, குழாய்த் துளையைவிடச் சிறிய மரக்குச்சியால், தண்ணீர் வரும் திசைக்கு எதிராகக் குத்தி அழுக்கைத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

சுண்ணாம்புபோல் படிந்திருந்தால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊறவைத்து, நுரைப்பு அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் படிவோடு சேர்த்து உலோகத்தையும் தின்னும். அலுமினியப் பாகங்களில் எந்த ஆசிட்டும் படக்கூடாது.

கியர் ஆயில் கூலரும் இதே வகைதான். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதன் குழாயில் ஓட்டை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கூலன்ட், தெர்மோஸ்டாட்

நம்மூரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று போர் தண்ணீர் ஊற்றுவது தவறு. கூலன்டில் உள்ள மருந்துதான் துருவையும், லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளை) வெளிப்பக்கம் அரித்துக் குழி விழுவதையும் தடுக்கிறது. டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மாற்றும் காலம் எஞ்சின் புத்தகத்தில் இருக்கும், சாதாரண வகைக்கு இரண்டு வருடம். வேறு வேறு வகைகளைக் கலக்காதீர்கள். மெதுவாக நிரப்பி, மேலே உள்ள காற்றுத் திருகைத் திறந்து குமிழி நின்ற பிறகு மூடுங்கள்.

கூலன்ட் சூடானதும் திறந்து வழிவிடும் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் முழுதும் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். அதை எடுத்துவிட்டு ஓட்டினால், பைபாஸ் உள்ள எஞ்சின்களில் கூலன்ட் குறுக்கு வழியில் சுற்றி இன்னும் சூடேறும்.

ஓட்டும்போது

புகையோடு தண்ணீர் வெளியேறும் படகில், எஞ்சின் உடனே பிடிக்காவிட்டால் அடி வால்வை மூடிக்கொண்டு ஸ்டார்ட்டர் போடுங்கள், பிடித்தவுடன் திறந்துவிடுங்கள். திறந்தபடியே போட்டுக்கொண்டிருந்தால் மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும்.

சூடு திடீரென்று ஏறினால் அடிச்சல்லடை, இம்பெல்லர், பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். முழு வேகத்தில் மட்டும், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படிவு. வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் குழாய் ஓட்டை அல்லது ஹெட் கேஸ்கெட்.

எஞ்சின் வாடை மாறியிருக்க, டெம்பரேச்சர் முள் மட்டும் சட்டென்று கீழே இறங்கினால் நிம்மதியடையாதீர்கள். கூலன்ட் வடிந்து சென்சார் காற்றில் நிற்கிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். மற்றபடி சூடேறும்போது கடல்தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தால் ஐடிலில் சில நிமிடம் விடலாம், வராவிட்டால் அணைத்துவிட வேண்டும். ஆறாத எஞ்சினின் கூலன்ட் மூடியைத் திறக்கவோ, ஹெட் மேல் பச்சைத்தண்ணீர் ஊற்றவோ கூடாது.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: கேஸ்கெட்டோடு ஓர் இம்பெல்லர், பெல்ட், ஒரு முழம் ஹோஸ், நான்கு கிளிப், ஐந்து லிட்டர் கலந்து வைத்த கூலன்ட்.