தன் பெயருக்குத் தானே லோகோ செய்வது எப்படி? புதிய டிசைனர்களுக்கான செய்முறை

பிறருக்கு மூன்று நாளில் லோகோ முடித்துக் கொடுக்கும் டிசைனர், தன் பெயருக்கு ஒன்று செய்ய உட்கார்ந்தால் மூன்று மாதமாகியும் எழுந்திருப்பதில்லை. என் கணினியிலும் ‘சொந்த லோகோ’ என்ற ஃபோல்டரில் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் வெகுநாள் கிடந்தன. ஒன்றுகூட அச்சகத்துக்குப் போகவில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. வாடிக்கையாளரின் வேலையில் கெடு இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, ‘இது போதும்’ என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். சொந்த வேலையில் இம்மூன்றும் இல்லை. ஆகவே அவற்றை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

படி 1: உங்களுக்கே கொட்டேஷன் போடுங்கள்

வாடிக்கையாளருக்கு எழுதுவது போலவே, ஒரு பக்கத்தில் வேலையின் விவரம், முடிக்கும் தேதி, செலவு, எத்தனை முறை திருத்தம் என்பவற்றை எழுதுங்கள். அடுத்த ஓராண்டில் யாரிடமிருந்து வேலை வர வேண்டும் என்பதை ஒரே வரியில் குறியுங்கள். திருமண அழைப்பிதழ் செய்பவருக்கும் மொபைல் செயலிக்குத் திரை வடிவமைப்பவருக்கும் ஒரே முகம் பொருந்தாது. ‘எல்லாமும் செய்வேன்’ என்று எழுதினால் தாள் வெறுமையாக இருப்பதும் அதுவும் ஒன்றுதான்.

படி 2: மூவரிடம் கேளுங்கள்

தன் முதுகு தனக்குத் தெரியாது. முன்பு வேலை கொடுத்த மூவரிடம், “என்னை வேறொருவரிடம் எப்படிச் சொல்லி அறிமுகப்படுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். ‘சொன்ன தேதியில் கொடுத்துவிடுவார்’ என்று மூவரும் சொன்னால் உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பளபளப்பைக் குறைத்து ஒழுங்கைக் காட்டும் வடிவமே உங்களுக்குரியது என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது.

படி 3: சின்னத்தை விட்டுப் பெயரை எழுதுங்கள்

தொடக்கத்தில் தனியாக ஒரு சின்னம் தேவையில்லை, பெயரே போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வர வேண்டுமென்றால் ஹிந்த் மதுரை, முக்த மலர், கட்டமரன் போன்ற, இரு எழுத்துகளையும் ஒரே குடும்பத்தில் கொண்ட ஃபான்ட்டிலிருந்து தொடங்குங்கள். இவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைப்பதால் வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் இல்லை.

இரண்டு பெயர்களுக்கும் ஒரே பாயிண்ட் அளவு கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். ‘கி’, ‘மீ’ ஆகியவற்றின் கொக்கி மேலே ஏறுகிறது. ‘பு’, ‘து’ போன்றவற்றின் கோடு வரிக்குக் கீழே இறங்குகிறது. எனவே எண்ணை நம்பாமல் கண்ணால் பார்த்துச் சமப்படுத்துங்கள், வரி இடைவெளியையும் கூட்டுங்கள். ‘ண’, ‘ணை’ போன்ற அகலமான எழுத்துகள் அடுத்தடுத்து வரும் பெயர்களில் எழுத்திடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒரு முழு மாலைப் பொழுதை இதற்குக் கொடுக்கலாம், வீணாகாது.

படி 4: கறுப்பு வெள்ளையில் சிறிதாக்குங்கள்

வண்ணத்தைத் தொடும் முன் பெயரைக் கறுப்பில் வைத்து, அகலத்தை 2 சென்டிமீட்டராகக் குறைத்து அச்சிட்டுப் பாருங்கள். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அது போனால் ‘ன்’ ‘ன’ ஆகிவிடும், உங்கள் பெயரே வேறாகிவிடும். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி எழுத்திலிருந்து விலக்கி வையுங்கள். இணையதளத்தின் 16 பிக்சல் ஐகானுக்கு முழுப்பெயரைத் திணிக்காமல் முதலெழுத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 5: ஒன்றே ஒன்று

1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்துக்கு லோகோ செய்த அமெரிக்க டிசைனர் பால் ராண்ட், ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வடிவத்தையே, அதற்கான காரணங்களை விளக்கும் சிறு நூலுடன் கொடுத்தார். நீங்களும் ஒன்றைத் தேர்ந்து, ஏன் அது என்று ஐந்து வரி எழுதி, துறைக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவரிடம் கொட்டேஷனோடு சேர்த்துக் கொடுங்கள். அவர் ஒப்புதல் தந்தால் வேலை முடிந்தது. திருத்தம் சொன்னால், எழுதிய எண்ணிக்கை வரைதான். சக டிசைனரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம், அவரிடமும் நாற்பது கோப்புகள் இருக்கும்.

படி 6: அச்சுக்கு அனுப்புங்கள்

விசிட்டிங் கார்டுக்கு இங்கே வழக்கமான அளவு 3.5 × 2 அங்குலம். நாற்புறமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் ஓரம்) விட்டு, எழுத்துகளைக் கர்வ் (ஃபான்ட் இல்லாத கணினியிலும் மாறாத கோட்டு வடிவம்) ஆக மாற்றி, சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நான்கு நிற முறை) நிறத்தில் கோப்பைக் கொடுங்கள். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும். கார்டு கைக்கு வந்த அன்றே இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டிசைனர்கள் தம் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளம், இன்வாய்ஸ் எல்லாவற்றிலும் புதிய பெயர் வடிவத்தை ஏற்றிவிட்டு, மூலக்கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, ஓராண்டுக்குத் திறப்பதில்லை என்ற உறுதியோடு அந்த நண்பரிடமே கொடுத்துவிடுங்கள்.