துப்பும் நாகம் வளர்க்கிறீர்களா? கண்ணாடியைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும்

கொக்கி பிடிப்பது, கூண்டைப் பூட்டுவது எல்லாம் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே கண்ணைப் பற்றி மட்டும்.

1. கூண்டைத் திறக்கும் முன்பே பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். துப்பும் நாகத்தின் விஷப்பல்லில் துளை முன்பக்கம் பார்த்திருக்கும். விஷம் 2 மீட்டர் தாண்டியும் பீய்ச்சும். துப்பும்போதே தலையை அசைப்பதால் முகம் முழுக்கத் தெறிக்கும். கம்பிவலைக் கதவு இதைத் தடுக்காது.

2. பவர் கண்ணாடி போதாது; மேல்புறமும் பக்கவாட்டும் திறந்திருக்கும். வெறும் ஃபேஸ் ஷீல்டையும் (முகத்தை மறைக்கும் தெளிவான தகடு) நான் நம்புவதில்லை, தாடைக்குக் கீழே வழி இருக்கிறது. முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸ், அதன்மேல் ஷீல்டு. ஆவி படிந்தால் கூண்டைப் பூட்டி, அறைக்கு வெளியே போய்த் துடையுங்கள்.

3. கழற்றுவது. நான் சிக்கிக்கொண்டது இங்கேதான். அன்று வேலை முடிந்தது, பாம்பு உள்ளே, கதவு பூட்டியாயிற்று. காகிள்ஸைத் தூக்கிவிட்டுக் கையுறையோடே நெற்றி வியர்வையைத் துடைத்தேன். வியர்வையோடு ஒரு துளி விஷம் இடது கண்ணுக்குள் இறங்கியது. மிளகாய்ப்பொடி விழுந்ததுபோல் எரிந்தது. எரியாத கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டது. சுவரைத் தடவித்தான் குழாய்க்குப் போனேன்.

இப்போது என் வரிசை இதுதான்: கையுறையோடு ஷீல்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டி அலசுவேன். குனிந்தபடி, பின்பட்டையைப் பிடித்துக் கழற்றுவேன். அப்புறம் கையுறையைச் சோப்பால் கழுவிக் கழற்றி, கையையும் கழுவுவேன். காகிள்ஸ் போட்டபடியே நெற்றி, புருவம், கன்னம் கழுவுவேன். காகிள்ஸ் கடைசியாகத்தான். ஷீல்டில் காய்ந்த பொட்டுகளை நகத்தால் சுரண்டாதீர்கள். காய்ந்த விஷத்துக்கும் வீரியம் உண்டு, அந்தத் தூள் பட்டுப் பட்டு ஒவ்வாமையும் வரலாம்.

4. கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். உடனே தண்ணீர், இமையைப் பிரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம். தண்ணீரே இல்லாவிட்டால் பால். எரிச்சல் அடங்கினாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், கருவிழியில் புண் இருக்கலாம். விஷமுறிவு மருந்தைக் கண்ணில் விடக் கூடாது. கூண்டிலிருந்து குழாய்க்குக் கண்ணை மூடி நடந்து பழகுங்கள். வீட்டில் இன்னொருவர் இல்லாதபோது கூண்டைத் திறக்கவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: கான்டாக்ட் லென்ஸ் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் தண்ணீர், லென்ஸை நீரோட்டத்திலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விஷம் அதனடியில் தங்கிவிடும். பாம்பு அறைக்கு லென்ஸ் போடாமல் போவதே நல்லது. பவர் கண்ணாடிக்கு மேல் மாட்டும் பெரிய காகிள்ஸ் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.