பிக் பேண்ட் ஜாஸ்: கேட்கத் தொடங்கும்போது செய்யும் தவறுகள்

பிக் பேண்ட், அதாவது பத்துப் பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்து வாசிக்கும் பெரிய ஜாஸ் குழு, என்றதும் கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் நடன இசை என்றே பலர் நினைக்கிறார்கள். போனில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரே சத்தம்" என்று விட்டுவிடுகிறார்கள். போனில் கேட்டதுதான் முதல் தவறு. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் டிரம்பெட்டின் கூர்மை மட்டுமே வரும். அடியில் நடந்துகொண்டே இருக்கும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலித் தந்தி வாத்தியம் காதுக்கு எட்டாது. பேஸ் போனால் இந்த இசைக்குக் காலே போன மாதிரி. சுமாரான ஹெட்போன் ஒன்று இருந்தால் போதும்.

அடுத்தது, சோலோ, அதாவது தனியாக முன்னால் வந்து, வாசிப்பவரை மட்டும் துரத்திக்கொண்டு போவது. ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், அப்புறம் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று வழக்கமாக 17 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து நின்று வாசிப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

பியானோ கலைஞர் கவுன்ட் பேஸி நடத்திய குழுவில் ஃப்ரெடி கிரீன் என்ற கிட்டார் கலைஞர் இருந்தார். 1937இல் சேர்ந்தவர், 1987இல் இறக்கும்வரை அதே நாற்காலிதான். ஆம்ப்ளிஃபையர் கிடையாது, சோலோ அனேகமாகக் கிடையவே கிடையாது. ஒரு தாளக்கட்டுக்கு நான்கு மீட்டல், அவ்வளவுதான் வேலை. 'லில் டார்லின்' பாட்டைப் போட்டு, டிரம்ஸில் காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் ஒலிக்கும் இடத்தில் காதை வையுங்கள். மரத்தில் விரல் தட்டுவதுபோல ஒரு மெல்லிய 'சக்... சக்' கேட்கும். எனக்கு அது பிடிபடப் பல நாள் ஆனது. பிடிபட்ட பிறகு, மொத்தக் குழுவும் அந்த மீட்டலின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது என்று புரிந்தது. அந்தப் பாட்டு அத்தனை மெதுவாகவும் போகிறது. காற்று வாத்தியக்காரர்கள் எல்லோரும் தாளத்துக்கு ஒரு இழை பிந்தி வருகிறார்கள், ஆனால் சேர்ந்தே பிந்துகிறார்கள். பிக் பேண்ட் என்றால் வேகமும் ஓசையும்தான் என்ற எண்ணம் இங்கேயே கலைந்துவிடும்.

எல்லாமே தாளில் எழுதிவைத்தது என்று நினைப்பதும் சரியில்லை. பேஸியின் 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' வாசித்து வாசித்தே உருவானது, எழுதியது பிறகுதான். இன்னொரு பெரிய குழுத் தலைவரான டியூக் எலிங்டன் எழுதினார், ஆனால் வாத்தியத்துக்கு அல்ல, ஆளுக்கு. 1927 முதல் 1974 வரை அவரிடம் தாழ்ந்த குரலுள்ள பாரிடோன் சாக்ஸபோன் வாசித்தவர் ஹாரி கார்னி. அதே தாளை வேறொருவர் வாசித்தால் சுரம் சரியாக வரும், கார்னியின் குரல் வராது.

எலிங்டன் பற்றிப் பேசும்போது, பதிப்பைப் பார்க்காமல் வாங்கும் தவறையும் சொல்லியாக வேண்டும். 1956 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர் குழுவின் பால் கோன்சால்வெஸ் டெனர் சாக்ஸபோனில் 27 சுற்று (பாட்டின் அமைப்பை ஒருமுறை முழுதாக வாசிப்பது ஒரு சுற்று) நிறுத்தாமல் வாசித்தார், கூட்டம் எழுந்து ஆடியது. அந்த ஆண்டு வந்த இசைத்தட்டின் பெரும்பகுதி பிறகு ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. சோலோ உண்மையானதுதான், ஆனால் அவர் இசைத்தட்டு நிறுவனத்தின் மைக்கை விட்டு ஒரு வானொலி நிறுவனத்தின் மைக்கில் வாசித்துவிட்டதால் தூரத்தில் கேட்கிறது. அந்த வானொலிப் பதிவு கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999இல் முழுக் கச்சேரியாக வெளியிட்டார்கள். அதைத் தேடிக் கேளுங்கள். சோலோ போகப் போகக் குழுவில் இருப்பவர்களே அவரைக் கூவி உற்சாகப்படுத்துவது காதில் விழும்.

கடைசியாக, இது இரண்டாம் உலகப் போரோடு முடிந்துபோனது என்ற நினைப்பு. போருக்குப் பிறகு பல குழுக்கள் கலைந்தது உண்மை. அத்தனை பேருக்குச் சம்பளமும் பயணச் செலவும் கொடுக்க முடியவில்லை. ஆனால் 1966 பிப்ரவரியில், நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு என்ற நிலவறை கிளப்பில், டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் ஒரு திங்கட்கிழமை இரவு புதுக் குழுவோடு மேடை ஏறினார்கள். அவர்கள் இருவரும் இறந்துவிட்டார்கள். அந்தக் குழு வான்கார்டு ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் திங்கட்கிழமை இரவுகளைத் தொடர்ந்து காப்பாற்றி வருகிறது. முன்வரிசையில் இடம் கிடைத்தால், டிராம்போன்காரர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும்.