கவுனுக்கு எந்த நிற ஷூ? முதலில் அடர்த்தியைப் பாருங்கள்

கவுன் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கழுத்து வடிவத்தைப் பற்றியோ கை நீளத்தைப் பற்றியோ அல்ல. “இதுக்கு எந்த கலர் ஷூ போடுறது?” என்பதைத்தான். பாதிப் பேர் கேட்கும்போதே துணியின் ஒரு வெட்டுத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அதே நிறத்தில் ஷூ தேடி அலைந்திருப்பார்கள். அந்தத் தேடலை நிறுத்துங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

துணியில் ஏறும் சிவப்பு வேறு, தோலில் ஏறும் சிவப்பு வேறு. சாட்டின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மெல்லிய ரோமம் போன்ற மேற்பரப்புள்ள சூயிட் தோல் அதை விழுங்கிக்கொள்ளும். இரண்டிலும் உள்ள சாயங்களும் வேறுவேறு. அதனால் கடை விளக்கில் பொருந்திய ஜோடி வாசலுக்கு வந்ததும் பிரிந்து போகும். இருப்பதிலேயே மோசமான நிலை, கிட்டத்தட்ட ஒரே நிறம் ஆனால் ஒரே நிறம் இல்லை என்பதுதான். மேட்சிங் பார்த்து வாங்கினார்கள், சரியாக அமையவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதே நிறம்தான் வேண்டுமென்றால் சாயம் ஏற்றக்கூடிய வெள்ளை சாட்டின் ஷூ வாங்கி, கவுன் துணியைக் காட்டிச் சாயம் போடச் சொல்லுங்கள். அது முடியாதென்றால், நன்றாக விலகிய ஒரு நிறத்துக்குப் போய்விடுவது நல்லது.

அப்படி விலகும்போது நிறத்தைவிட அடர்த்திதான், அதாவது அது எவ்வளவு கருமை அல்லது வெளிர் என்பதுதான் முக்கியம். இதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கவுனின் கீழ் ஓரத்தை ஜன்னல் பக்கம் விரித்து, அதன் மேல் ஷூவை வைத்து, போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போய்விடும், அடர்த்தி மட்டும் மிஞ்சும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் சேர்ந்து நிற்கும். அடர் பச்சை கவுனும் ஒயின் நிற ஷூவும் அப்படித்தான் பொருந்துகின்றன. வெளிர் ரோஸ் கவுனுக்குக் கீழே கறுப்பு ஷூ போட்டால், ஒவ்வொரு அடிக்கும் கண் பாதத்துக்கே ஓடும். முழங்கால் அளவு உடையில் சிலருக்கு அது பிடிக்கலாம். தரை தொடும் கவுனில் எனக்குப் பிடிப்பதில்லை.

ஷூ நிறம் பற்றிப் பேசினால் கருநீல கவுனைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். எல்லோரும் யோசிக்காமல் கறுப்பைத்தான் எடுப்பார்கள். 1824இல் பாரிஸின் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூல் வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது என்று. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் அந்தக் கறுப்பு மங்கியிருந்தது. கருநீல கவுனுக்குக் கீழே கறுப்பு ஷூ பழசு போலத் தெரிவதும் இதே காரணத்தால்தான். மங்கிய வெள்ளியோ ஒயினோ போட்டுப் பாருங்கள், நீலமே உயிர் பெறும். கறுப்புதான் இருக்கிறது என்றால் பளபளக்கும் பேட்டன்ட் லெதராக இருக்கட்டும். அந்த மினுமினுப்பு, இது வேண்டுமென்றே போட்ட கறுப்பு என்று சொல்லிவிடும்.

கறுப்பு கவுனுக்குக் கறுப்பு ஷூ போடும்போதும் கவனம் வேண்டும். கறுப்பில் நீலம் கலந்தது உண்டு, பழுப்பு கலந்ததும் உண்டு. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். வெல்வெட் கவுனுக்கு சூயிட் போட்டால் இந்த வித்தியாசம் அடங்கிவிடும். ஐவரி கவுனுக்குத் தூய வெள்ளை ஷூ வேண்டவே வேண்டாம், கவுன் அழுக்கேறியதுபோல் மஞ்சளாகத் தெரியும். ஐவரியோ வெளிர் தங்கமோ எடுங்கள்.

நியூட் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அது உங்கள் தோலின் நிறமாக இருந்தால்தான் நியூட். பல காலம் ஒரே ஒரு வெளிர் பழுப்பைத்தான் அந்தப் பெயரில் விற்றார்கள். 2013இல் லூபுட்டான் நிறுவனம் ஐந்து ஷேடுகளில் நியூட் ஷூ கொண்டுவந்தது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஏற்ற ஷேடுகளை இப்போது வேறு பல நிறுவனங்களும் தருகின்றன, கேட்டு வாங்குங்கள். போட்டுக்கொண்டு கண்ணாடியிலிருந்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். ஷூ எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால், அதுதான் உங்கள் ஷேட். கணுக்காலில் பட்டை உள்ள ஷூவுக்கு இது இன்னும் முக்கியம். பட்டை அடர் நிறமாக இருந்தால் அந்த இடத்தில் கால் வெட்டுப்பட்டு, குட்டையாகத் தெரியும்.

தங்கமா வெள்ளியா என்பதை, கவுனில் ஏற்கெனவே இருக்கும் உலோகம் முடிவு செய்யட்டும். மணி வேலை, ஜிப், பெல்ட் பக்கிள், எதுவாக இருந்தாலும் சரி. அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் நகை. உடை முழுக்க சீக்வின்ஸ் என்றால் ஷூ மினுங்க வேண்டாம். கைப்பை ஷூவோடு பொருந்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பிரின்ட் போட்ட கவுனில் பின்னணி நிறத்தை எடுக்காதீர்கள். கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில் அங்கங்கே மட்டும் வரும் ஒரு நிறத்தைப் பிடியுங்கள். அது ஷூவில் மீண்டும் வரும்போது இரண்டும் ஒரு ஜோடியாகிவிடும்.

அப்புறம், இதையெல்லாம் கீழ் மடிப்பு அடிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முழுநீள கவுனுக்கு, ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக நிற்க வேண்டும். குனியாமல் பின் குத்த இன்னொருவர் வேண்டும். முன்பக்க ஓரம் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் நடக்கும்போது காலில் சிக்காது. எந்த நிறம் என்று இன்னும் மனம் ஊசலாடினால், இரண்டையும் ஒரே ஹீல் உயரத்தில் எடுத்துவிடுங்கள். மடிப்பு அடித்த பிறகும் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம், உயரத்தை மாற்ற முடியாது.