வர்கலாவில் ஆயுர்வேத விடுதி எடுக்கும் முன்

கேரளக் கடற்கரை ஊரான வர்கலாவில், குன்றின் மேல் கடலைப் பார்த்தபடி நடுத்தர விலை ஆயுர்வேத விடுதிகள் நிறைய உண்டு. பெயர்ப்பலகையை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். கேரளச் சுற்றுலாத் துறையின் தரச்சான்று இருக்கிறதா, மருத்துவர் பார்த்த பிறகுதான் சிகிச்சையா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். வெந்நீர் எந்நேரமும் வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காது மடலுக்குப் பின்னால் தங்கும் எண்ணெய்ப் பிசுக்கு பச்சைத் தண்ணீருக்கு அசையாது. நல்ல உடைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, பழைய பருத்தித் துணி இரண்டு கொண்டுபோங்கள்.

ஜூலை நடுவில் பிறக்கும் மலையாளக் கர்க்கடக மாதம்தான் (நம் ஆடி) சிகிச்சைக்கு உகந்தது என்பார்கள். கூட்டமும் குறைவு, வாடகையிலும் பேரம் பேசலாம். தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்கிவிடாதீர்கள். மேலிருந்து வேடிக்கை பார்க்க மட்டும் அருமையான கடல்!