சோபாவில் ஏற மறுக்கும் சிறிய நாய்: வலி எங்கே என்று வீட்டில் தேடத் தொடங்குவது எப்படி?

எங்கள் வீட்டு டாஷ்ஹண்டுக்கு அப்போது 5 வயது. ஒருநாள் காலை உணவுத் தட்டின் அருகே வந்து நின்றது, சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டது. முதுகைக் கூனிக்கொண்டு நின்ற அதன் வயிற்றைத் தொட்டால் கல் போல இறுகியிருந்தது. வயிற்று வலி என்று முடிவு செய்து இரண்டு நாள் தயிர்ச்சோறு கொடுத்தேன். மூன்றாம் நாள் தூக்கியபோது வீறிட்டுக் கத்தியது. வலி முதுகில் இருந்திருக்கிறது. வலிக்கும் முதுகெலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன என்பதைப் பிறகுதான் மருத்துவர் சொல்லி அறிந்தேன். அந்த இரண்டு நாளும் அது சோபாவிலிருந்து குதித்துக்கொண்டுதான் இருந்தது. நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்த இரண்டு நாளை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படிகளுக்குள் போகும் முன் ஓர் எச்சரிக்கை. பின்னங்கால்கள் இழுபடுகின்றன, நிற்க முடியாமல் சரிகிறது, நடை குடிகாரனைப் போலத் தள்ளாடுகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை: இவற்றில் எது இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ‘போகிறதே’ என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை வழிவதாகவும் இருக்கலாம்.

படி 1: நடமாட்டத்தை நிறுத்துங்கள்

நோய் என்னவென்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், இதை முதலில் செய்யுங்கள். டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக் கால் இனங்களில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு இளம் வயதிலேயே ஈரம் வற்றி இறுகத் தொடங்குகிறது. இறுகிய ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும்போது வலி, தள்ளாட்டம், கால் செயலிழக்கும் வாதம் என்று படிப்படியாகவோ சில மணி நேரத்திலோ நிலைமை மோசமாகலாம். பாதி பிதுங்கியதை முழுதாகப் பிதுங்கச் செய்ய ஒரே ஒரு குதிப்பு போதும். ஆகவே கூண்டிலோ, நாற்காலிகளை வைத்து அடைத்த ஒரு மூலையிலோ மெத்தை விரித்து விடுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பிட்டத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கட்டும். அக்குளில் பிடித்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கவே கூடாது.

படி 2: தொடாமல் பாருங்கள்

வலியுள்ள நாய் கத்தும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் அது கத்துவதில்லை, பழக்கங்களைக் கைவிடுகிறது. வாசலுக்கு ஓடிவராது. படுத்த இடத்தில் நடுங்கும். படுக்க இடம் தேடி மாறி மாறிச் சுற்றும். இதோடு எந்தச் செயலில் தயங்குகிறது என்பதைக் கவனித்தால் இடம் ஓரளவு பிடிபடும்.

தலையைக் குனிந்து சாப்பிட மறுத்து, தட்டை உயர்த்திப் பிடித்தால் சாப்பிடுகிறதா? கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிறதா? கழுத்தைச் சந்தேகியுங்கள். நடக்கையில் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நான்கடி நொண்டி, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறதா? முழங்கால் சில்லு இடம் விலகுவதன் அடையாளம் அது. பொமரேனியன் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்த நடை பழக்கமானது. ஒரு வயதுகூட ஆகாத சிறிய இன நாய் நாளுக்கு நாள் ஒரு பின்னங்காலில் நொண்டினால், தொடையெலும்பின் பந்துமுனைக்கு இரத்தம் போகாமல் அது சிதையும் நோயாகவும் இருக்கலாம். இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று நொண்டல் மாறினால், கூடவே காய்ச்சலும் சோர்வும் இருந்தால், உண்ணி கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சலை மறக்காதீர்கள். நம் ஊரில் மூட்டு வலிக்கு அது சாதாரணமான காரணம்.

படி 3: வீடியோ எடுங்கள்

மருத்துவமனை மேசையில் ஏறியதும் பதற்றத்தில் வலியை மறைத்து நிமிர்ந்து நிற்கும் நாய்கள் ஏராளம். அதனால் வீட்டில் அது இயல்பாக நாலைந்து அடி வைக்கும்போது பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் கணமும் பதிவானால் மிக நல்லது. படம் பிடிப்பதற்காக நடக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

படி 4: மென்மையாக இரண்டு சோதனைகள்

முதலில் பாதங்கள். விரலிடுக்கில் முள், உண்ணி, உடைந்த நகம் இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள்ளும் உண்ணி ஒளிந்திருக்கும்.

அடுத்தது, தானாக நிற்கும் நாய்க்கு மட்டும். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு பின்பாதத்தை மெல்ல மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் அந்தக் கணமே பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். தாமதித்தாலோ அப்படியே நின்றாலோ நரம்பு வழியே செய்தி சரியாகப் போகவில்லை என்று பொருள். அன்றே மருத்துவரிடம் போங்கள். முதுகை அழுத்திப் பார்ப்பது, காலை இழுத்து நீட்டுவது, தைலம் தேய்த்து உருவுவது எதுவும் வேண்டாம்.

படி 5: நம் மாத்திரையைத் தராதீர்கள்

பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும். 5 கிலோ உடம்புக்கு ‘கால் மாத்திரைதானே’ என்ற கணக்கு பொருந்தாது.

படி 6: மருத்துவரிடம் பேச வேண்டியவை

எப்போது தொடங்கியது, எந்தச் செயலில் கத்தியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். வேறெங்காவது ஊசி போட்டிருந்தால் மருந்தின் பெயர் மிக முக்கியம். ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் ஒன்றோடொன்று சேர்ந்தால் இரைப்பையில் ஓட்டை விழும் அளவுக்கு ஆபத்து உண்டு. பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி எல்லா இடத்திலும் கேளுங்கள்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்பதால் ஜவ்வுப் பிரச்சினை இல்லை என்றாகிவிடாது. அதை உறுதி செய்ய எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டும். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

வாதம் வந்த காலின் விரலை மருத்துவர் கிள்ளும்போது கால் உள்ளே இழுபட்டால் நாம் மகிழ்ந்துபோகிறோம். கால் இழுபடுவது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்பதைத்தான் அவர் கவனிக்கிறார். அந்த உணர்வும் இல்லையென்றால், அறுவை சிகிச்சை பற்றிய முடிவைச் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.

படி 7: வலி குறைந்த பிறகும் ஓய்வு

இதுதான் கடினமான படி. மருந்து வேலை செய்ததும் நாய் ஓட நினைக்கும், நமக்கும் இரக்கம் வரும். நடக்கும் நிலையிலுள்ள நாய்க்கு ஜவ்வு விலகலுக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் கூண்டு ஓய்வு சொல்வார்கள். சிறுநீருக்கு மட்டும், மார்புப் பட்டை மாட்டி, சில நிமிடங்கள் வெளியே. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுப்பதை இனி அடியோடு விட்டுவிடுங்கள்.

படி 8: வீட்டை மாற்றுங்கள்

டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியைக் கத்தரியுங்கள், வழுக்கல் குறையும். எடையைக் கவனியுங்கள்: 8 கிலோ நாய்க்கு 1 கிலோ கூடுவது, 64 கிலோ மனிதருக்கு 8 கிலோ கூடுவதற்குச் சமம்.

எங்கள் சோபாவுக்கு இப்போது ஒரு சாய்வுப் பலகை இருக்கிறது. முதல் வாரம் அதன்மேல் கால் வைக்கவே மறுத்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு அவித்த கோழி வைத்துத்தான் பழக்கினோம்.