ஏவி ரிசீவர்ல படம் வருது, சவுண்டு வரலையா? இத பாருங்க

பாண்டி, கடலூர் பக்கம் வீட்டுல ஹோம் தியேட்டர் வச்சிருக்கவங்களுக்குத்தான் இது. ஏவி ரிசீவர்னா டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் எல்லாத்தையும் இணைக்கிற பெட்டி. சவுண்டு வரலன்னதும் ஸ்பீக்கர் ஒயர கழட்டாதீங்க, முதல்ல ரிசீவரோட செட்டப் மெனுக்குள்ள போயி இன்புட் அசைன்ங்கற பக்கத்த பாருங்க, அதுல செட்டாப் பாக்ஸ், ப்ளூரே, கேம்னு ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரு ஹெச்டிஎம்ஐ நம்பர் இருக்கும், பின்னாடி ஒயர் எந்த ஓட்டைல சொருகியிருக்கோ அதே நம்பர் இங்கயும் வரணும். பக்கத்துலயே டிஜிட்டல் ஆடியோவுக்கும் தனியா ஒரு வரிசை இருக்கும், அங்க நீங்க ஒயரே சொருகாத ஆப்டிகல் (ஒளி வழியா சவுண்டு போற போர்ட்) செலக்ட் ஆயிருந்தா எடுத்துடுங்க, இன்புட் மோட் ஆட்டோல இருக்கட்டும்.

டிவில இருக்குற ஆப் சவுண்டு ரிசீவருக்கு வரணும்னா ரெண்டு பக்கமும் ஏஆர்சி இல்லன்னா இஏஆர்சின்னு எழுதியிருக்க ஹெச்டிஎம்ஐ போர்ட்டுலதான் (டிவி சவுண்ட ரிசீவருக்கு திருப்பி அனுப்புற போர்ட்) ஒயர் போடணும், பெரும்பாலான செட்டுல சிஇசியும் (ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியா ஒரு கருவி இன்னொன்ன கன்ட்ரோல் பண்ற செட்டிங்) ஆன்ல இருக்கணும். டிவி ஆடியோ அவுட்புட் பிசிஎம்ல (டிவியே சவுண்ட பிரிச்சு அனுப்புற முறை) கெடந்தா பல டிவில வெறும் ஸ்டீரியோதான் வரும், பிட்ஸ்ட்ரீம் இல்லன்னா பாஸ்த்ரூன்னு (சவுண்ட பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புற முறை) மாத்துங்க. டால்பி அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சவுண்டு வர்ற மாதிரி கேக்குற முறை) வேணும்னா ஆப்டிகல் ஒயர நம்பாதீங்க, அதுல போகாது.

அப்புறம் தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலோரமா இருக்கவங்க கரண்ட ஆஃப் பண்ணிட்டு அப்பப்ப ஹெச்டிஎம்ஐ பின்ன உருவி பாருங்க, உப்புக்காத்துல பச்சை பூத்திருந்தா ஒயர மாத்திடுங்க.